எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2023 ஜூன் 3, சனிக்கிழமை காலை. லீவு நாளாச்சே என்று கொஞ்சம் தாமதமாக எழுந்து மொபைலைப் பார்த்தால் ஊரிலிருந்து பதினோரு மிஸ்டு கால். அம்மா, பெரியப்பா, சித்தி மகன், பக்கத்து வீட்டு மாமா. பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டால், "ரயிலு கவுந்துருச்சாமே, நீங்கள்லாம் நல்லா இருக்கியளா?" என்கிறாள்.

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கொல்கத்தா பக்கத்து ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் போகிற வண்டி. கவிழ்ந்தது ஒடிசாவில், பாலாசோர் பக்கம். நான் இருப்பது மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில். நாட்டின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் உள்ள தூரம். இருந்தாலும் அம்மாவுக்கு ரயில் என்றால் ரயில்தான், மகன் வெளியூரில் இருந்தால் வெளியூர்தான். "நான் அதுல போகலைம்மா" என்று சொல்லி வைத்தேன்.

பாலாசோரில் 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரதமர் போனார், ரயில்வே அமைச்சர் தண்டவாளத்திலேயே நின்றார், சி.பி.ஐ. வந்தது. எல்லாம் சரி. அவ்வளவு பெரிய சாவுக்கு அதுகூட நடக்காவிட்டால் எப்படி?

ஆனால் அதே 2023-ல் மும்பை லோக்கல் ரயில் பாதைகளில் மட்டும் இறந்தவர்கள் 2,590 பேர். வாரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது. பாலாசோர் நடந்த அந்த வாரத்திலும் அதே மாதிரிதான் இருந்திருக்கும். அதற்காக ஊரிலிருந்து யாரும் எனக்குப் போன் செய்ததில்லை. செய்யவும் மாட்டார்கள், ஏனென்றால் அது செய்தியே இல்லை. இங்கே மராத்திப் பேப்பரிலேயே உள்பக்கத்தில் நாலு வரி.

நான் தினமும் போய்வருவது அந்த லோக்கலில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வே கணக்கில் "விபத்து" என்றால் வண்டி தடம் புரள வேண்டும், மோத வேண்டும், தீப்பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் லெவல் கிராசிங்கில் ஏதாவது நடக்க வேண்டும். அப்படிப்பட்ட பெரிய விபத்துகள் 2014-15-ல் 135 நடந்தன. 2023-24-ல் 40. 2024-25-ல் 31. உண்மையாகவே பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கதவில் தொங்கி விழுந்தவனும், தண்டவாளம் தாண்டும்போது அடிபட்டவனும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை அல்லவா? அது பாட்டுக்கு அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டதே!

இதே அரசாங்கத்தின் இன்னொரு அலுவலகம், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், ரயிலால் நேர்ந்த சாவு எல்லாவற்றையும் எண்ணுகிறது. 2021-ல் அவர்கள் சொன்ன எண்ணிக்கை 16,431. ரயில்வேயோ 2021-22-ல் மொத்தம் 35 விபத்து என்றது. (ஒன்று காலண்டர் வருடம், இன்னொன்று நிதி வருடம் என்று யாராவது பாயின்ட் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். மூன்று மாதத் தள்ளலில் அடைகிற பள்ளமா இது?) ஒரே தண்டவாளம், ஒரே தேசம், இரண்டு கணக்கு.

இதெல்லாம் எண்களாக எனக்கு வெகுகாலம் தெரியாது. 2018 நவம்பரில் எங்கள் கட்டடத்து இரண்டாவது மாடி அண்ணாச்சி இறந்தபோதுதான் தெரிந்தது.

அண்ணாச்சிக்கு தென்காசிப் பக்கம். மஸ்ஜித் பந்தரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக அதே 8.05 வண்டி, அதே பெட்டி, அதே கதவு. மும்பை லோக்கலில் போகிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கூட்டம் இருக்கும். சேர்ந்து பஜனை பாடுவார்கள், தசராவுக்குப் பெட்டிக்கு மாலை கட்டி இனிப்புக் கொடுப்பார்கள், மூன்று பேர் உட்காரும் இடத்தில் நாலாவதாக ஒருத்தனுக்குப் பாதி இடம் ஒதுக்கி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாற்றி உட்கார வைப்பார்கள். அண்ணாச்சியும் அப்படி ஒரு கூட்டத்தில் இருந்தார். அவரைத் தவிர எல்லாரும் மராத்திக்காரர்கள், குஜராத்திகள். "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஏறினவுடன் தோளில் இருக்கும் பையைக் கழற்றி முன்னால் இருப்பவர் கையில் கொடுத்தால் போதும். அது கை மாறி, தலைக்கு மேலேயே போய், உள்ளே இருக்கும் பரணில் உட்கார்ந்துவிடும். இறங்கும்போது அதே மாதிரித் திரும்பி வரும். பை திருடு போனதாகக் கேள்விப்பட்டதே இல்லை. பை உள்ளே பத்திரமாக இருக்கும். ஆள்தான் வெளியே தொங்குவான்.

அன்றைக்கும் பை உள்ளே போயிற்று. அதற்குள் சாப்பாட்டு டப்பா, கண்ணாடி, மூன்று மாத சீசன் பாஸ்.

அண்ணாச்சி எங்கே விழுந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. கதவில் நின்ற கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும், உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. அன்று பக்கத்தில் இருந்தவர்கள் புதியவர்கள். வழக்கமான கூட்டம் கொஞ்சம் உள்ளே தள்ளப்பட்டிருந்தது. அவர்கள் அண்ணா வழியில் எங்கேயோ இறங்கிவிட்டார் என்றே நினைத்தார்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே தண்டவாளத்தின் ஓரமாக உடல் கிடைத்தது. சட்டைப்பையில் நாற்பது ரூபாயும் ஒரு மருந்துச் சீட்டும். டிக்கெட் இல்லை, பாஸ் இல்லை.

ஸ்டேஷன் பெயர் வேண்டாம். மதினியை வீட்டில் விட்டுவிட்டு நானும் மூன்றாவது மாடிக் குல்கர்னியும் போனோம். அங்கே இருந்த போலீஸ்காரர் நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது உடல். காகிதத்தைக் காட்டினார். "லைன் கிராசிங்" என்று எழுதியிருந்தது. தண்டவாளம் கடக்கும்போது அடிபட்டு மரணம்.

"சார், இவர் வண்டியில் போய்க்கொண்டிருந்தவர், தண்டவாளத்தில் நடந்தவர் இல்லை" என்றேன்.

"பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா? டிக்கெட் இருக்கிறதா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். "ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் உடல் கிடந்தால் நான் எந்தக் கட்டத்தில் எழுத முடியும் சொல்லுங்கள். விழுந்தது என்று எழுத எனக்கு ஒரு ஆதாரம் வேண்டும். கடந்தது என்று எழுத எதுவும் வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. வக்கீலைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தில் 124ஏ என்று ஒரு பிரிவு. ரயிலிலிருந்து தவறி விழுந்து ஒரு பயணி இறந்தால், யார் மேல் தப்பு என்ற கேள்வியே இல்லாமல் ரயில்வே இழப்பீடு தர வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் அந்தத் தொகை எட்டு லட்சம். தற்கொலை, குடிபோதை, தானே வரவழைத்துக்கொண்ட காயம், இயற்கை நோய் மாதிரி சில விலக்குகள் உண்டு, மற்றபடி தர வேண்டும். ஆனால் தண்டவாளம் கடந்தவர் பயணி இல்லை. 147-ஆம் பிரிவின்படி அவர் அத்துமீறி நுழைந்தவர். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது அந்த ஒரு வரி மாறினால் மதினி எட்டு லட்சத்துக்கு உரிமை உள்ளவர். மாறாவிட்டால் ஒரு குற்றவாளியின் விதவை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைத் தட்டி இரண்டு பேர் வந்தார்கள். பெட்டிக் கூட்டத்துக்காரர்கள். கையில் அண்ணாச்சியின் பை. சி.எஸ்.எம்.டி. வரைக்கும் பரணிலேயே போயிருக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாளும் அண்ணா வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை என்றவுடன் பாஸில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்து விலாசம் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள். மதினி பையைத் திறக்கவே இல்லை. டப்பாவில் என்ன வைத்துக் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியுமே.

அந்த இரண்டு பேரும் வேலைக்கு லீவு போட்டு வந்து, அண்ணா அன்றைக்கு எங்கள் பெட்டியில்தான் ஏறினார், பையைக் கொடுத்தார், கதவோரம் நின்றார் என்று எழுதிக் கொடுத்தார்கள். ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டோம். நல்ல காலம், அந்த வருடம் மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் ரீனா தேவி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. உடலோடு டிக்கெட் இல்லை என்பதாலேயே அவர் பயணி இல்லை என்று ஆகிவிடாது, குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் போட்டால் மறுத்துக் காட்டும் பொறுப்பு ரயில்வேயுடையது, பயணியின் கவனக்குறைவு மட்டுமே இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது என்று. அந்தத் தீர்ப்பும் அந்தப் பையும் இல்லாவிட்டால் எங்கள் கதை வேறு. நடுவில் கொரோனா வந்து தீர்ப்பாயம் மூடி, திறந்து, 2021 கடைசியில் பணம் வந்தது. மதினி அதை இரண்டு பையன்கள் பேரிலும் பிரித்து பேங்கில் போட்டார்.

எத்தனை பேருக்குப் பை திரும்பி வரும்?

இதில் எனக்கு வந்த கோபம் பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை. யோசித்துப் பார்த்தால், எந்தத் தலைப்பில் சாவை எழுதுகிறோமோ அந்தத் தலைப்பின் கீழ்தான் அரசாங்கம் செலவு செய்கிறது. ஆளில்லாத லெவல் கிராசிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது "விபத்து" என்ற தலைப்பில் வந்தது. வேன் மோதி பள்ளிப் பிள்ளைகள் செத்தால் நாடே பேசியது. 2019 ஜனவரிக்குள் அகலப்பாதையில் ஒன்று விடாமல் ஒழித்துவிட்டார்கள். தடம் புரள்வதும் விபத்து. அதற்காக 2017-18-ல் ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஐந்து வருடத்துக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு நிதியே தொடங்கினார்கள், தண்டவாளம் மாற்றினார்கள், 135 என்பது 31 ஆயிற்று. முடியாத வேலை ஒன்றும் இல்லை, எண்ணினால் நடக்கிறது.

எங்கள் ஊர் லோக்கலிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2014 ஜனவரியில் காட்கோபரில் ஓடுகிற வண்டியில் ஏறப்போன ஒரு கல்லூரிப் பெண் வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் விழுந்து இரண்டு கைகளையும் இழந்தாள். அதுவரைக்கும் அந்த இடைவெளி எல்லாருக்கும் தெரிந்ததுதான், வயதானவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குகிற உயரம். அந்தப் பெண்ணுக்குப் பிறகுதான் "இடைவெளி" என்று பேச ஆரம்பித்தார்கள். உயர் நீதிமன்றம் கேட்டது, ரயில்வே பிளாட்பாரம் பிளாட்பாரமாக உயர்த்தியது. இன்று டோம்பிவிலியில் என் மாமியார் கையைப் பிடிக்காமல் இறங்குகிறார் என்றால் அதனால்தான்.

"அத்துமீறல்" என்று எழுதினால் என்ன செய்வார்கள்? ஆயிரம் ரூபாய் அபராதம் போடுவார்கள். சுவர் கட்டுவார்கள், சுவரில் மறுமாதமே ஒரு ஓட்டை விழும். ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் பாலத்தை உபயோகிக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் ஆள் ஏன் அந்த இடத்தில் இறங்கிக் கடக்கிறான் என்று பார்க்க ஒருவரும் வர மாட்டார்கள். பாலம் ஸ்டேஷனின் ஒரு கோடியில், குடியிருப்பு மறு கோடியில். இருக்கிற பாலமும் எப்படி என்பதை 2017 செப்டம்பர் 29-ல் எல்பின்ஸ்டன் ரோடில் பார்த்தோம். மழைக்கு ஒதுங்கியவர்களும் இறங்கியவர்களும் நெருக்கியதில் 23 பேர் போனார்கள். அதற்குப் பிறகு ராணுவத்தைக் கூப்பிட்டுப் பாலம் கட்டினார்கள். அதுவும் எண்ணப்பட்ட சாவு, அதனால் பாலம் வந்தது.

2012-ல் அணு விஞ்ஞானி அனில் காகோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு இதை மழுப்பாமல் எழுதியது. அத்துமீறல் என்ற பெயரில் வருடத்துக்குச் சுமார் 15,000 பேர் சாகிறார்கள், இது நாகரிகமான எந்தச் சமூகமும் ஏற்றுக்கொள்ளக்கூடாத படுகொலை என்று. ரயில்வேக்கு வெளியே, சட்டப்படி சுதந்திரமான ஒரு பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்றும் சொன்னது. இப்போது பாதுகாப்பு ஆணையர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? ரயில்வே தன்னைத் தானே விசாரிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். பெரிய விபத்து நடந்தால் விசாரிப்பார்கள். நம் அண்ணாச்சி ஒருத்தர் விழுந்ததற்கு வர மாட்டார்கள். ஒவ்வொருவராகத்தானே விழுகிறோம்.

2024-ல் மும்பை உயர் நீதிமன்றம், மனிதர்களை மாடுகளைப் போல ஏற்றிச் செல்வதைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்றது. மறுவருடம் ரயில்வேயே அந்த நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கு, இருபது வருடங்களில் 51,000-க்கு மேற்பட்ட சாவுகள். ஒரு நடுத்தர ஊர் முழுக்கக் காலி.

எதுவும் செய்ய முடியாது, கூட்டம் அப்படி என்பார்கள். கூட்டம் நிஜம்தான். நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் என்று ரயில்வேயே கணக்குச் சொல்கிறது. ஒரு சதுர மீட்டர் என்றால் எவ்வளவு என்று வீட்டுத் தரையில் சாக்பீஸால் போட்டுப் பாருங்கள், நான் போட்டேன். என் மனைவி, மகன், நான், குல்கர்னி குடும்பத்தார் மூன்று பேர் நின்றோம். அதற்கு மேல் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் செலவே இல்லாத வேலைகளும் இருந்தன. 2010 வாக்கில் வடாலா பக்கம் ஒரு சோதனை செய்தார்கள். பெரிய பொருள் எதிரே வந்தால் அது மெதுவாக வருவதாகக் கண் ஏமாறும். ரயில் விஷயத்தில் நாம் எல்லாரும் ஏமாறுவது அதனால்தான். எனவே தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள் சிலவற்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். வண்டி மஞ்சள் கட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் வேகம் புரியும். நீளமாக ஒரே ஹாரன் அடிப்பதற்குப் பதில் சின்னதாக இரண்டு. அடிபடப் போகிறவனின் முகம் பெரிதாக, படமாக. இவ்வளவுதான். அந்த இடத்தில் சாவு குறைந்தது. யோசித்தவர்கள் கடப்பவனைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, கண் ஏமாறுகிற ஒரு மனிதனாகப் பார்த்தார்கள், அதனால் அந்த யோசனை வந்தது.

போன 2025 ஜூன் 9-ஆம் தேதி, திங்கட்கிழமை காலை. திவாவுக்கும் மும்ப்ராவுக்கும் நடுவே இருக்கும் வளைவில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே போகும்போது கதவுகளில் தொங்கியவர்கள் ஒருவரோடு ஒருவர் உரசி 13 பேர் விழுந்தார்கள். நான்கு பேர் அன்றே போய்விட்டார்கள். ஒரே நேரத்தில் விழுந்ததால் அது செய்தி ஆயிற்று. (ஒவ்வொருவராக விழுந்திருந்தால் பேப்பரில் நாலு வரி.) அன்றைக்கே தானியங்கிக் கதவு பற்றி அறிவிப்பு. ஏசி லோக்கல் 2017 டிசம்பரில் வந்தபோதே மூடுகிற கதவு வந்துவிட்டது, அது டிக்கெட் விலை தாங்குபவனுக்கு. சாதாரண வண்டிக்குக் கதவு போட்டால் மூச்சு முட்டும் என்றார்கள் இத்தனை வருடமாக. மும்ப்ராவுக்குப் பிறகு காற்றோட்டத்துக்குக் கதவில் இடைவெளிச் சட்டம், கூரையில் விசிறி என்று சில நாட்களில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2026 ஜனவரிக்குள் முதல் வண்டி என்றும் சொன்னார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த நவம்பரில் நடந்தது. மும்ப்ரா சாவுகளுக்காக ரயில்வே இஞ்சினியர்கள் மேலேயே போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அவர்கள் தப்புச் செய்தார்களா என்று கோர்ட் சொல்லட்டும், எனக்குத் தெரிந்தது போல எழுத மாட்டேன். ஆனால் விழுந்தவனை விட்டுவிட்டு தண்டவாளத்தைக் கேள்வி கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. ஊழியர் சங்கத்துக்குக் கோபம். நவம்பர் 6-ஆம் தேதி சாயங்காலம் திடீரென்று வண்டிகளை நிறுத்திப் போராட்டம். நின்றுபோன வண்டிகளிலிருந்து ஜனங்கள் இறங்கி சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு பக்கம் தண்டவாளத்தில் நடந்தார்கள். மறுபடியும் ஓட ஆரம்பித்த வண்டி ஒன்று அடித்து அதில் இரண்டு பேர் செத்தார்கள். தண்டவாளத்தில் நடந்தவர்கள். அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்கள்?

இது மும்பைக்காரர்கள் பிரச்சினை என்று சென்னையில் இருக்கிற நம் ஆட்கள் நினைக்க வேண்டாம். 2018 ஜூலை 24 காலை பரங்கிமலை ஸ்டேஷனில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்கம்பி அறுந்ததால் வண்டியை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள், தினமும் தொங்குகிற பையன்கள் தினமும் தொங்குகிற மாதிரியே தொங்கினார்கள், அந்தப் பாதையில் பக்கச் சுவர் நெருக்கமாக இருந்தது. படியில் தொங்கியது அவர்கள் தப்பு என்று அன்று டிவியில் எத்தனை பேர் சொன்னார்கள்! சட்டப்படியும் தப்புதான், 156-ஆம் பிரிவு. நானும் அப்போது ஏறக்குறைய அப்படித்தான் பேசினேன். அதற்கு நாலு மாதம் கழித்து அண்ணாச்சி.

நாமும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நம் குடும்பங்களில் கதவில் நிற்பது ஒரு வித்தை மாதிரி சொல்லிக் கொடுக்கப்படுகிறது. ஊரிலிருந்து வேலைக்கு வருகிற பையனுக்கு முதல் வாரமே எந்தப் பக்கம் கதவில் நின்றால் காற்று வரும், எந்தக் கம்பத்துக்குத் தலையை உள்ளே இழுக்க வேண்டும் என்று நாம்தான் சொல்லித் தருகிறோம். மூன்று வண்டியை விட்டுவிட்டு நாலாவதில் ஏறு என்று எந்த மாமா சொல்லியிருக்கிறார்? ஆபீஸில் பயோமெட்ரிக், ஐந்து நிமிடம் தாமதமானால் அரை நாள் போச்சு. மும்பை கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஆரம்ப நேரத்தைப் பத்து, பத்தரை, பதினொன்று என்று பிரித்து வைத்தாலே எத்தனையோ பேர் உள்ளே நிற்கலாம். நான் என் கீழ் வேலை பார்க்கும் ஆறு பேருக்கு அதைச் செய்துவிட்டேன். மேலே இருப்பவருக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் இன்னும் நடக்கிறது.

போன ஜூனில் என் மகன் காலேஜ் சேர்ந்தான், மாடுங்காவில். முதல் சீசன் பாஸ். இப்போதெல்லாம் பாஸ் மொபைலிலேயே வந்துவிடுகிறது, ஆனால் நான் கவுண்டரில் வரிசையில் நின்று காகிதத்தில் வாங்கினேன். விழுந்தால் மொபைல் நொறுங்கும், இல்லாவிட்டால் எவனாவது எடுத்துக்கொண்டு போவான். பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன் கையில் கொடுத்தேன். பையில் வைக்காதே, பேன்ட் பாக்கெட்டில் வை என்றேன்.

"ஏம்ப்பா, பைதானே சேஃப்?" என்றான்.

என்ன சொல்வது என்று தெரியாமல், டி.டி.ஈ. கேட்டால் சட்டென்று எடுக்க வசதி என்று சொல்லிவிட்டேன். மாடி இறங்கும்போது இரண்டாவது மாடியில் மதினி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கேட்டிருப்பார் போல. அவனை நிறுத்தி, பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பட்டன் இருக்கால? போட்டுக்கோ" என்றார்.